இலஞ்சி டவரின் பகல் தூக்கம்

உலகம்மையைப் பற்றித் தென்காசி வட்டாரத்தில் இரண்டு கருத்து உண்டு. அவள் வாயே அவளைக் கெடுத்துவிடும் என்பது ஒன்று. இதை அவளுடைய கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் நம் பாடு திண்டாட்டம்தான் என்பது இன்னொன்று. இதை இலஞ்சியில் முப்பத்தெட்டுக் கிணற்றுக்காரர்கள் சொல்வார்கள். போன ஆடி மாதம் வரைக்கும் முதல் கருத்துக்குத்தான் ஆள் அதிகம்.

வயது நாற்பத்து மூன்று. வீடு மேலகரத்தில். கணவர் செல்லப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வீட்டில் அதிகம் பேசமாட்டார், பேசவும் இடம் கிடைக்காது. உலகம்மைக்கு வேலை செல்போன் டவர் பராமரிப்பு. தென்காசி, இலஞ்சி, குற்றாலம், செங்கோட்டை போகிற சாலை என்று இருபத்தாறு டவர்கள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. எது கெட்டாலும் முதலில் அவள் போன்தான் அடிக்கும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அவள் வேலை கேட்டுப் போனபோது, நேர்முகம் நடத்திய அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்து, “பொம்பளைப் பிள்ளை டவர்ல ஏறுமா?” என்று கேட்டார். அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஒரு டவர் நின்றது. உலகம்மை துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே போய் ஏறினாள். நாற்பது மீட்டர். சாரல் காற்று ஆளைத் தள்ளுகிற மாதம் வேறு. உச்சியில் நின்று ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, “இப்ப நீங்க ஏறுங்க சார்” என்றாள். அவர் ஏறவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது அவளுக்குப் பிடிக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டவர் அடியில் இருக்கிற கருவிகள் சூடேறாமல் இருக்க, ஆண்டு முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஆனி ஆடியில் வெளியே குளுகுளுவென்று காற்றடிக்கும், உள்ளே ஏசி ஓடும். என்ன கூத்து இது என்று அவளே ஒரு பழைய மின்விசிறியைச் சுவரில் பொருத்தி, வெளிக்காற்றை உள்ளே இழுத்து, சீசன் மூன்று மாதமும் ஏசியை அணைத்து வைத்தாள். முதலில் திட்டு விழுந்தது. மறு வருடம் எல்லா டவருக்கும் அதே ஏற்பாடு வந்தது. அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அதில் பெயரை உலகம்மாள் என்று தப்பாக அடித்திருந்தார்கள்.

ஆகவே இந்த வருடம் வைகாசியில் சென்னையிலிருந்து புதிய மென்பொருள் வந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. விஷயம் இதுதான். ஒரு டவரில் எந்த நேரத்தில் எவ்வளவு பேச்சு, எவ்வளவு இன்டர்நெட் ஓடுகிறது என்று மென்பொருள் வாரா வாரம் பார்க்கும். ஆள் பேசாத நேரம் எது என்று தெரிந்துகொள்ளும். மறு வாரத்திலிருந்து அந்த நேரத்தில் டவரைத் தூங்க வைத்துவிடும். பக்கத்து டவர் அந்த இடத்தையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம், மின்சாரம் மிச்சம். தூங்குகிற நேரத்தில் திடீரென்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தால் மட்டும், அவர்கள் பேச்சை வெட்டாமல் விழித்தே இருக்கும்.

இலஞ்சி டவருக்குக் காலை ஒன்பதரையிலிருந்து மாலை மூன்றரை வரை தூக்கம் விதித்தது மென்பொருள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் தென்காசியிலும் குற்றாலத்திலும் வேலையில். அந்த நேரத்தில் இலஞ்சியில் யார் போன் பேசப்போகிறார்கள்? நியாயமான கணக்குதான் என்று உலகம்மையும் நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள். இருபது வருடம் அந்த ஊர்க்காற்றைக் குடித்தவளுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று பின்னால் அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

இலஞ்சியில் இப்போது முழு நேரமும் வயலில் நிற்கிற ஆள் குறைவு. நிலம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கூடவே ஒரு வேலையும் இருக்கிறது. ஒருவர் பஸ் கண்டக்டர், ஒருவர் குற்றாலத்தில் பழக்கடை, ஒருத்தி பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல். பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வருவதோ காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை. அந்த நேரத்தில் யார் வயலுக்குப் போய் மோட்டாரைப் போடுவது? அதற்காகவே செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓடத் தொடங்கியதும் பெட்டி திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுத்து, ஓடுகிறேன் என்று தெரிவிக்கும். மறுபடி ஒன்று கொடுத்தால் நிற்கும்.

ஒரேயடியாக ஓடவிட்டுவிட்டுப் போய்விடவும் முடியாது. இந்த வருடம் சாரல் பேருக்குத்தான் விழுந்தது. ஐந்தருவியில் இரண்டு கிளை காய்ந்து கிடந்தது, வாய்க்காலில் தண்ணீர் வந்த மாதிரி வந்து நின்றுவிட்டது. கிணற்றில் ஒரு மணி நேரம் இறைத்தால் தரை தெரியும். நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி இறைக்க வேண்டும். நிறுத்தத் தவறினால் மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அதுதான் காயில், கருகிவிடும். அதனால் ஒரு கிணற்றுக்கு நாளைக்கு ஆறேழு மிஸ்டு கால். முப்பத்தெட்டுக் கிணற்றுக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை காலும் எடுக்கப்படாத கால். பேசிய நேரம் பூஜ்யம்.

அந்தச் சத்துணவுச் சமையல்காரிதான் பேச்சித்தாய். உலகம்மைக்கு மதினி முறை. கணவர் இல்லை. ஒன்றரை ஏக்கரில் கார் பருவத்து நெல் போட்டிருந்தாள். ஆனி கடைசியில் ஒருநாள், காலையில் மோட்டாருக்கு மிஸ்டு கால் போகவில்லை என்று கம்பெனிக்குப் புகார் கொடுத்தாள். புகார் உலகம்மையிடம் வந்தது. உலகம்மை டவருக்குப் போனபோது மணி எட்டரை. எல்லாம் சரியாக இருந்தது. சாலையில் தன் போனைப் பார்த்தாள், நாலு கோடு சிக்னல் இருந்தது. புகாரை முடிக்க வாடிக்கையாளருக்கு வருகிற நாலு இலக்க எண் வேண்டும். போன் போட்டாள்.

“மதினி, டவர் நல்லாத்தான் இருக்கு. ஒங்க பெட்டியிலதான் ஏதோ கோளாறு. போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க, முடிச்சிருதேன்.”

பேச்சித்தாய் சொன்னாள். உலகம்மை முடித்தாள். வாடிக்கையாளர் திருப்தி என்று பதிவாயிற்று. இப்படி ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சொந்தக்காரி கேட்கிறாள் என்று மூன்று தடவையும் பேச்சித்தாய் எண்ணைச் சொன்னாள்.

நாலாவது தடவை புகார் வரவில்லை. பேச்சித்தாயே நேரில் வந்தாள். ஆடி ஐந்தாம் தேதி, காலை ஏழு மணி. மேலகரத்து வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“ஏட்டி உலகம்மா, நேத்து ஒம்பதேகாலுக்கு மோட்டாரப் போட்டேன். ஓடுதுன்னு திருப்பி அடிச்சுது. பத்தேகாலுக்கு நிறுத்தணும்னு அடிக்கேன், தொடர்பு எல்லைக்கு வெளியேங்கான். பதினஞ்சு தடவ அடிச்சேன். முந்நூறு பிள்ளைக்குச் சாதம் அடுப்புல கெடக்கு, விட்டுட்டு ஓட முடியுமா? மூணு மணிக்குப் போயிப் பாத்தா ரூம் முழுக்கப் புகை. காயில் போச்சு.”

“பெட்டிக் கோளாறா இருக்கும் மதினி…”

“பெட்டியா? எனக்கு மட்டுமா? வடக்கே எல்லாவனுக்கும் இதே கததான். ஏதோ நம்ம பிள்ளை கேக்குதேன்னு நம்பர நம்பர எடுத்துச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும். பயிரு கதிரு தள்ளப் பொதி கட்டி நிக்கி. இந்தப் பதினஞ்சு நாளு தண்ணி இல்லேன்னா பூராவும் பதருதான். ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும்.”

உலகம்மைக்கு அப்போது வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது நடப்பது அபூர்வம். பேச்சித்தாய் போன பிறகு செல்லப்பா காப்பியை நீட்டினார். அதையும் வாங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றைக்குப் பத்தரை மணிக்குச் சாலையில் நிற்காமல் வரப்பில் இறங்கி நடந்தாள். தென்னந்தோப்புக்கு நடுவே பள்ளத்தில் பேச்சித்தாயின் மோட்டார் ரூம். கான்கிரீட் கூரை, அதற்குள் இரும்புப் பெட்டி. சோதனைப் போனைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். சிக்னல் இல்லை. வெளியே வந்து நாலடி மேட்டில் ஏறினால் ஒரு கோடு வந்தது. சாலைக்குப் போனால் நாலு கோடு. இலஞ்சி டவர் தூங்குகிறது, பக்கத்து டவரின் சிக்னல் சாலைக்கு வருகிறது, மோட்டார் ரூமுக்குள் வரவில்லை. கம்பெனி சிக்னலைச் சோதிக்கிற கார் சாலையில்தான் போகும். மனுசன் என்றால் மேட்டில் ஏறிச் சிக்னல் தேடுவான். மோட்டார் ஏறுமா?

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து சூப்பர்வைசர் ரவிக்கு அடித்தாள். ரவி தென்காசிப் பையன்தான், நல்லவன், ஆனால் மேலிடத்து மெயிலைப் பார்த்தாலே எழுந்து நிற்கிற ரகம்.

“ரவி, இங்கன எரநூத்தம்பது கால் அடிக்காங்க ஒரு நாளைக்கு. ஒங்க மிஷினு ஆளே இல்லேங்குது.”

“அக்கா, பேசின நிமிஷத்தத்தான் அது எண்ணும். மிஸ்டு கால எண்ணாது.”

“அப்ப போகாத கால?”

“போகலேன்னா, போன் ஆஃப்ல இருக்குன்னு எடுத்துக்கிடும். நம்ம தப்புல சேராது. சேவைத் தரம் இலஞ்சிக்கு தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறுக்கா. மாவட்டத்துலயே முதல் இடம்.”

உலகம்மை சிரித்துவிட்டாள். கோபம் உச்சத்துக்குப் போனால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். மாவட்டத்திலேயே முதல் இடம் வாங்கிய ஊரில் மோட்டார் கருகிக் கிடக்கிறது.

மேலிடத்துக்கு மெயில் எழுதினாள். வழியும் சொல்லி எழுதினாள். டவரில் நாலு அலைவரிசை இருக்கிறது, மூன்றைத் தூங்க வையுங்கள், ஸ்டார்ட்டர் பெட்டிகள் பயன்படுத்துகிற பழைய டூஜி ஒன்றை மட்டும் விழித்திருக்க விடுங்கள், மிச்சத்தில் முக்கால்வாசி அப்படியே கிடைக்கும் என்றாள். இரண்டாம் நாள் பதில் வந்தது. இலஞ்சியில் நிலுவைப் புகார் ஏதும் இல்லை, மூன்று புகாரும் வாடிக்கையாளர் திருப்தியுடன் முடிக்கப்பட்டுள்ளன, ஆகவே மாற்றம் தேவையில்லை. முடித்தவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. இந்தத் தடவை சரியாக அடித்திருந்தார்கள்.

அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. அடுத்த வியாழக்கிழமை குற்றாலத்தில் ஆய்வுக் கூட்டம். அங்கே இலஞ்சியின் சோதனை முடிவைக் காட்டி, மறுநாள் வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படித் தூங்குகிற எல்லா டவருக்கும் பகல் தூக்கம் நிரந்தரம். வருடத்தில் மற்ற ஒன்பது மாதமும் கணினியில் முகம் பார்த்து ஆய்வு நடத்துகிறவர்களுக்கு, சீசன் வந்தால் மட்டும் குற்றாலத்தில் நேரில் நடத்தியாக வேண்டும் என்று தோன்றிவிடும். துண்டும் மாற்றுத் துணியும் பையில் இருக்கும்.

எட்டு நாள் இருந்தது. இப்படியே விட்டால் நிரந்தரமாகிவிடும், பேச்சித்தாயின் நெல் பதராகிவிடும். உலகம்மை இரண்டு நாள் தன் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினாள். சனிக்கிழமை காலை இலஞ்சிக்குப் போனாள். கண்டக்டர் இசக்கிப்பாண்டி அன்றைக்கு விடுமுறை, அவர் வீட்டு முற்றத்தில் கிணற்றுக்காரர்கள் கூடினார்கள். குற்றாலத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற மன்சூரும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பேச்சித்தாய் தள்ளி நின்றாள், முகம் கொடுக்கவில்லை.

“மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன்” என்றாள் உலகம்மை. “மதினியோட புகார மூணு தடவ பொய்யா மூடினது நான்தான். தப்பு. மதினி, மன்னிச்சுக்கோங்க. இப்ப எல்லாரும் ஒண்ணு சொல்லுங்க. கால் பேசத் தனியா காசு உண்டா ஒங்களுக்கு?”

“கிடையாதே. மாசத்துக்கு ஒருக்கா போடுதோம், எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்” என்றார் மன்சூர்.

“பெறகு எதுக்கு ஒரு ரிங்குல கட் பண்ணுதீங்க?”

ஒரு காலுக்கு ஒரு ரூபாய் போன காலத்தில் பழகிய விரல். மோட்டாருக்கு அடிப்பது என்றால் ஒரு ரிங், கட். அதைத் தாண்டி யாரும் யோசித்ததே இல்லை. பெட்டிக்குள் இன்னொரு ஏற்பாடு இருந்தது. மாற்றி வைத்தால் பெட்டியே காலை எடுக்கும், ஒன்று அழுத்தினால் மோட்டார் ஓடும், மூன்று அழுத்தினால் நிற்கும், வைக்கிற வரைக்கும் கால் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரன் மாட்டும்போதே சொல்லியிருப்பான். காதில் வாங்கியவர் யாரும் இல்லை.

“பேச்ச மட்டுந்தான் அந்த மிஷினு எண்ணும். ஒரே நேரத்துல அஞ்சு பேரு பேசிக்கிட்டு இருந்தா டவரு கண்ண மூடாது. நாம ஆறு பேரு பேசுவோம்.”

“யாருகிட்ட?” என்றார் இசக்கிப்பாண்டி.

“மோட்டாருகிட்ட அண்ணாச்சி. அவனவன் மோட்டாருகிட்ட.”

முற்றமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், ஆறு மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு யார் உட்காருவது என்று கேள்வி வந்தது. உலகம்மை ஒரு தாளை விரித்தாள். ஒன்பதேகாலிலிருந்து மூன்றே முக்கால் வரை பதின்மூன்று அரைமணி நேரம். அரைமணிக்கு ஆறு பேர். ஆளுக்கு நாளைக்கு இரண்டு முறை வரும்.

“குளத்துத் தண்ணி கொறஞ்சா முறை வச்சுப் பாய்ச்சுதோம்லா? அதே மாதிரிதான். இப்பத் தண்ணிக்குப் பதிலா சிக்னல்.”

அதற்கு மேல் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. முறை என்றால் இலஞ்சிக்குத் தெரியும். முறை தவறினால் ஊரில் என்ன பேச்சு வாங்க வேண்டும் என்பதும் தெரியும். கணக்குப் போட்டதில் இரண்டு முறை ஆளில்லாமல் மிஞ்சின. ஒன்றை இசக்கிப்பாண்டி எடுத்துக்கொண்டார். இன்னொன்றுக்கு யார் என்று உலகம்மை பார்த்தபோது, “என் பேரப் போடு” என்றாள் பேச்சித்தாய். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

அன்று மாலையும் ஞாயிறும் உலகம்மை மோட்டார் ரூம் ரூமாகப் போய் முப்பத்தெட்டுப் பெட்டியையும் மாற்றி வைத்தாள். பேச்சித்தாயின் மோட்டாருக்குத் தென்காசியில் காயில் கட்டி, செல்லப்பா ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அதற்கான செலவு உலகம்மையுடையது. பேச்சித்தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை, உலகம்மை எதிர்பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு ஆறு பேர் மோட்டாருக்குப் போன் போட்டார்கள். ஒன்பதரை ஆயிற்று. டவர் தூங்கவில்லை. பத்து ஆயிற்று. தூங்கவில்லை. ஆலங்குளம் பஸ்ஸில் இசக்கிப்பாண்டியின் சட்டைப் பையிலிருந்து உர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. என்ன கண்டக்டரே அது என்று கேட்ட ஒரு பயணியிடம், “நம்ம மோட்டாருதான், சும்மா பேசிக்கிட்டு வாரோம்” என்றார். மன்சூர் ஸ்பீக்கரில் போட்டு ரம்புட்டான் கூடைக்கு நடுவே வைத்துவிட்டார். பேச்சித்தாய் அரிசி களைகிற இடத்தில் ஒரு டம்ளரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சாம்பாருக்குத் தாளித்துவிட்டு வந்து மூன்றை அழுத்தினாள். மோட்டார் நின்றது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒரு முறைகூடத் தவறவில்லை. வயலில் வெடிப்பு மூடியது.

வியாழக்கிழமை கூட்டம். குற்றாலத்தில் ஒரு ஓட்டலின் மாடி. சென்னையிலிருந்து வந்த அதிகாரியின் பெயர் மணிகண்டபிரபு. முப்பத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பானவர், காலையிலேயே ஐந்தருவியில் வரிசையில் நின்று குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தூங்குகிற டவர்கள் எத்தனை என்பதில்தான் அவருடைய பதவி உயர்வு இருந்தது. திரையில் மாவட்ட வரைபடம் விரிந்தது. தூங்குகிற டவருக்கு நீலம், விழித்திருப்பதற்குப் பச்சை.

“இப்ப நம்ம நம்பர் ஒன் சைட்டைப் பார்ப்போம். இலஞ்சி” என்றார். மணி பத்தே முக்கால். இலஞ்சி பச்சையாக எரிந்தது.

அவர் கணினியைத் தட்டினார். மறுபடி பச்சை. நாலு நாள் கணக்கைத் திறந்தார். நாலு நாளும் பச்சை. “என்ன இது? திங்கட்கிழமையில இருந்து தூங்கவே இல்லையே. சாஃப்ட்வேர்ல ஏதாவது பிரச்சினையா? ரவி?”

ரவி எழுந்து நின்றான். அவனுக்கு விஷயம் தெரியும். வேர்த்துப் போய் நின்றானே தவிர வாய் திறக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவன் நல்லவன்.

“சாஃப்ட்வேர் நல்லாத்தான் சார் இருக்கு” என்று உலகம்மை எழுந்தாள். “ஆளுங்க பேசுதாங்க, அதனால முழிச்சிருக்கு.”

“இந்த நேரத்துல யார் பேசறாங்க?”

“வெவசாயிங்க.”

“யார்கூட?”

“மோட்டாருகூட.”

அறையில் யாரோ சிரித்தார்கள். மணிகண்டபிரபு சிரிக்கவில்லை. உலகம்மை நடந்ததை நடந்தபடியே சொன்னாள். மோட்டார் ரூமுக்குள் சிக்னல் போகாததைச் சொன்னாள், கருகிய காயிலைச் சொன்னாள், தாளில் முறை போட்டதையும் சொன்னாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

“அப்படின்னா நெட்வொர்க்கை ஏமாத்தி, பொய்யான டிராஃபிக் காட்டியிருக்கீங்க. கம்பெனி ஊழியரா இருந்துக்கிட்டு.”

“என்ன சார் பொய்? மாசாமாசம் காசு கட்டுத கஸ்டமரு போன் பேசுதாங்க. அதுக்குத்தான கம்பெனி நடத்துதோம்? யாருகிட்டப் பேசணும்னு பிளான்ல போட்டிருக்கா?”

“உலகம்மை, விதண்டாவாதம் வேண்டாம். நம்ம ரிப்போர்ட்ல இலஞ்சிக்குப் புகாரே கிடையாது.”

“இருந்துச்சு சார். மூணு. நான் பொய்யா மூடினேன். மூடலேன்னா எனக்கு மார்க் கொறையும், மூடினா ஒங்களுக்கு மார்க் ஏறும். அதான் இங்க சேவைத் தரம். நாலு அலைவரிசையில மூணத் தூங்க வைங்க, ஒண்ண விடுங்கன்னு எழுதினேன், படிக்கக்கூட இல்ல. மிச்சம் பிடிக்க வேண்டாம்னு நான் சொல்லல. அந்தம்மா பயிரக் காயப் போட்டு மிச்சம் பிடிக்காதீங்கன்னு சொல்லுதேன்.”

மணிகண்டபிரபு குரலைத் தாழ்த்தினார். ஒரு ஊருக்கு விலக்குக் கொடுத்தால் ஐம்பது ஊர் கேட்கும், தன் கையில் அதிகாரம் இல்லை என்றார். அவள் ஒன்று செய்தால் போதும். ஊர்க்காரர்களிடம் சொல்லி இதை நிறுத்த வேண்டும், நடந்ததற்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இல்லையென்றால் நடவடிக்கை வரும், இருபது வருட வேலை.

“கடிதம் எழுதுதேன் சார்” என்றாள் உலகம்மை. “மூணு புகாரப் பொய்யா மூடினதுக்கு மன்னிப்பு, இப்பவே எழுதித் தாரேன். மோட்டாருகிட்டப் பேசச் சொன்னதுக்கு ஒரு வரி எழுதமாட்டேன். பேசாதீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லவும் மாட்டேன். நீங்க வேணும்னா இலஞ்சிக்கு வாங்க, முப்பத்தெட்டுப் பேரையும் கூட்டி வைக்கேன், நீங்களே சொல்லிப் பாருங்க.”

அவர் வரவில்லை. உலகம்மை கூட்டத்திலேயே உட்கார்ந்து, மூன்று புகாரின் எண்ணையும் தேதியையும் குறித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பினால் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு என்ன ஆவது?

மறுநாள் வெள்ளிக்கிழமை எந்த டவருக்கும் நிரந்தர உத்தரவு வரவில்லை. பச்சையாக எரிகிற ஒரு டவரை வைத்துக்கொண்டு எந்த வெற்றியை அறிவிப்பது? முறை தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மென்பொருள் வழக்கம்போல ஒரு வாரக் கணக்கைப் பார்த்தது. இலஞ்சியில் பகல் நேரப் பேச்சு எக்கச்சக்கம் என்று கண்டது. யாரிடமும் கேட்காமல், யார் கையெழுத்தும் இல்லாமல், தூங்க வேண்டிய டவர்கள் பட்டியலிலிருந்து இலஞ்சியைத் தானே எடுத்துவிட்டது. மணிகண்டபிரபு நினைத்தால் கையால் மறுபடி சேர்க்கலாம். ஆனால் அதற்கு, இத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கும்போது அணைக்கச் சொன்னது நான்தான் என்று அவர் பெயரில் பதிவாகும். அவர் சேர்க்கவில்லை.

பேச்சித்தாயின் நெல் பால் பிடித்து முற்றியது. ஆவணியில் ஒரு நாள் ரவி உலகம்மையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். மேசையில் ஒரு தாள் இருந்தது. நெறிமுறை மீறலுக்காக உலகம்மை சிவகிரிப் பகுதிக்கு மாற்றப்படுகிறார், திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். மேலகரத்திலிருந்து போக வர மூன்று மணி நேரம் ஆகும். ரவியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அக்கா, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா நிறுத்திருதேன்னு மணிகண்டபிரபு சார் சொல்லுதாரு. பெரிசா ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு வரி.”

“கையெழுத்து எங்கன போடணும்?”

அவன் காட்டினான். உலகம்மை பேனாவை வாங்கினாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதினாள். ரவி தாளை எடுக்கக் கை நீட்டினான். “இரு” என்று அவன் கையைத் தட்டிவிட்டு, பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இன்னொரு வார்த்தையும் சேர்த்தாள். ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“சரி ரவி, கம்ப்யூட்டரத் திற. சிவகிரியில பகல்ல தூங்குத டவரு எத்தனன்னு பாத்துச் சொல்லு.”